அம்பல் அலராகும் இடம்

தமிழர் தம் அகவாழ்வைப் பாடிய பழம் புலவர்கள், ஊரார் வாயில் உலவும் பேச்சை ஒரே சொல்லால் குறித்து அமையவில்லை. இருவகையாகப் பகுத்து, இரு பெயரிட்டு வழங்கினர். தலைவன் தலைவியரின் களவு ஒழுக்கத்தைச் சிலர் மட்டும் அறிந்து, தம்முள் கண் சாடையாலும் முணுமுணுப்பாலும் பகிர்ந்துகொள்ளும் நிலை அம்பல். அதுவே முகை விரிந்த மலர்போல் ஊர் முழுதும் மணந்துவிட்ட நிலை அலர். அம்பலைப் பொருட்படுத்தாது விடலாம். அலர் எழுந்தபின் தாய் மகளை இற்செறிப்பாள், காவல் கடுமையாகும், தலைவன் வரும் வழி அடைபடும். செய்தி ஒன்றேயாயினும், அது எங்கே நின்று பேசப்படுகின்றது என்பதைப் பொறுத்து விளைவு வேறாகின்றது. இந்நுட்பத்தை உணர்ந்தமையால்தான் இலக்கணமுடையார் அதற்கு இரு சொற்களைப் போற்றினர் எனலாம்.

இன்றைய செய்தி உலகை நோக்குவார்க்கும் இப்பகுப்பு பெரிதும் பயன்படுவதாகும். கைப்பேசிக் குழுவொன்றில் பத்துப் பேரிடம் உலவும் சதிக்கதை அம்பல். நாளிதழின் முதற்பக்கத்திலும் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியிலும் அது ஏறிவிட்டால் அலர். எப்படி ஏறுகின்றது, ஏறுதற்கு ஏணி கொடுப்பவர் யார், ஏறியபின் யார் துன்புறுகின்றனர் என்பனவற்றை, நமக்கு அணித்தேயுள்ள ஒரு நிலப்பகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாலையும் ஆலையும்

சென்னையிலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலை வழியே செல்வார்க்கு இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என ஆலைகள் வரிசையாக எதிர்ப்படும். தெற்கே திரும்பினால் வல்லம் வடகால். அதனையும் கடந்தால் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம். திருப்பெரும்புதூர் வைணவ உலகில் இராமாநுசர் அவதரித்த தலம். ஏரிகளும் நெல்வயலுமாக இருந்த இந்நிலத்தில், 1990-களின் இறுதியில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. பின்னர் பாரவண்டி, விசையுந்து, வட்டகை, கண்ணாடி, கைப்பேசி எனப் பல்தொழிலும் இங்கே பெருகின.

ஆலைகள் பெருகவே ஆட்கள் வேண்டப்பட்டனர். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் விடுதிகளில் வந்து தங்கினர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் ஒப்பந்தக்காரர் வழியே வந்து சேர்ந்தனர். 2015-இல் எடுக்கப்பட்ட அரசுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்திலிருந்த பிறமாநிலத் தொழிலாளர் ஏறத்தாழ 10.67 இலட்சம். அவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினர், செங்கல்பட்டும் உள்ளடங்கியிருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தினர். ஆகவே இப்பகுதியின் பொருளியல், ஒருவர் மொழியை மற்றொருவர் அறியாத பல்லாயிரம் மக்கள் அருகருகே நின்று உழைப்பதன்மேல் கட்டப்பட்டதாகும். மொழி அறியா இடத்தில் அம்பல் விரைந்து முளைக்கும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

திருப்பெரும்புதூருக்கும் சதி என்னும் சொல்லுக்கும் முன்னரே ஒரு தொடர்பு உண்டு. 1991 மே 21 அன்று இராசீவ் காந்தி இவ்வூரில் கொல்லப்பட்டபின் எழுந்த ஊகங்களுக்கு அளவில்லை. அக்கொலையின் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் ஓர் ஆங்கில வார இதழில் கசிந்தது. குற்றமென மெய்ப்பிக்கப்படாத ஐயங்களும் அதில் அடங்கியிருந்தன. ஆயினும் அதன் சூட்டில் அம்மாதமே ஐ.கே. குஜ்ரால் அமைச்சரவை கவிழ்ந்தது. அது தனியே எழுதத்தக்க பொருளாதலின் ஈண்டு விரிக்கவில்லை.

பொய்யின் உள்ளே இருந்த மெய்

2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் இணைக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடனிருந்த தோழியர் எங்கே, எப்படி இருக்கின்றனர் என்பதை விடுதியிலிருந்தோர்க்குச் சொல்வாரில்லை. எட்டுப்பேர் இறந்தனர், ஒன்பதுபேர் இறந்தனர், நிருவாகம் அதனை மறைக்கின்றது என்ற பேச்சு கைப்பேசிகளில் பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாள் வரை அப்பெண்கள் சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். எவரும் இறக்கவில்லை என்று அரசு அறிவித்தது. வதந்தி பரப்பியதாக யூடியூப் பேச்சாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். மறியலில் அமர்ந்த பெண்கள் பலர் காவலில் வைக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டனர்.

இறந்தனர் என்றது பொய். இதில் ஐயமில்லை. ஆயினும் நிகழ்ச்சி அத்துடன் முடியவில்லை. செய்தியாளர் சிலர் அவ்விடுதிகளை நோக்கிச் சென்றனர். ஒரே அறையில் மிகப் பலர் நெருங்கிக் கிடந்ததும், தரையில் படுத்ததும், கழிவறைகளில் தண்ணீர் வராததும் அவர்கள் வழியே உலகுக்குத் தெரியவந்தன. டிசம்பர் 29 அன்று, விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்களும் தன் தரவரையறைக்கு ஏற்ப இல்லை என ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, அவ்வாலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. ஆலை 2022 சனவரி 12 அன்றுதான் மீண்டும் இயங்கியது. 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெரு விடுதி திறக்கப்பட்டமைக்கு அவ்விரவின் மறியலும் ஒரு காரணம் என்று கருதுவது பிழையாகாது.

சங்க அலரிலும் இந்நுட்பம் உண்டு என்பதை மாணவர் கருத வேண்டும். ஊர் தூற்றும் பேச்சு மிகைப்பட்டதாயினும் தலைவியின் காதல் மெய்யானது. திருக்குறளிலோ தலைவன் அலரைத் தன் காதற்பயிருக்கு வாய்த்த நலமாகவே கொள்கின்றான். வதந்தியைப் பொய் என்று தள்ளுவது எளிது. அது முளைத்த ஈரம் எது என்று கேட்பது அரிது. உண்மை சொல்ல வேண்டியவர் வாய் மூடியிருக்கும் இடமே வதந்தி வளரும் நிலம். அவ்விரவில் விடுதிப் பொறுப்பாளர் எவரேனும் நோயுற்ற பெண்களின் குரலைத் தொலைபேசியில் தோழியர்க்குக் கேட்பித்திருந்தால், சாலையில் அமரத் தேவை இருந்திருக்குமா என்பது நம் வினா. பெண்களைக் குறைகூறிய தலையங்கங்கள் பலவும் இவ்வினாவை எழுப்பவில்லை.

2023 மார்ச்சு

இனி, நம் பொருளுக்கு நேரான நிகழ்ச்சிக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரு காட்சிகள் கைப்பேசிகளில் உலவின. ஒன்று, திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் உள்ளூர் இளைஞர் சிலரைத் துரத்துவது. மற்றொன்று, தொடர்வண்டியின் பொதுப்பெட்டியில் வடமாநிலத்தவரை ஒருவர் வைது அடிப்பது. இரண்டும் நடந்தவையே. பின்னதற்குக் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. இவை பொறிகள். பிப்ரவரி இறுதியில் இப்பொறிகளோடு பிறவிடத்துக் கொலைக் காட்சிகளும் சேர்ந்தன. வேறு மாநிலத்தில் வேறு பகையால் நிகழ்ந்த கொலைகள்கூடத் தமிழ்நாட்டில் இந்தி பேசியதற்காகப் பீகாரிகள் வெட்டப்படும் காட்சிகள் எனப் பெயர் மாற்றப்பட்டன.

இதுவரை அம்பல். பின்னர் ஏணி வந்தது. வட இந்தியாவின் மிகப்பெரும் நாளிதழ்களுள் ஒன்றாகிய தைனிக் பாஸ்கர், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் பதினைந்து பேர்வரை கொல்லப்பட்டனர் என்று செய்தி தந்தது. உத்தரப்பிரதேச பாரதிய சனதாக் கட்சியின் அந்நாளைய பேச்சாளர் பிரசாந்த் உம்ராவ், இந்தி பேசியதற்காகப் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர் என்று தம் கணக்கில் எழுதினார். மார்ச்சு 2 அன்று பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அன்றே முதலமைச்சர் நிதிஷ் குமார், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதை நாளிதழ்கள் வாயிலாக அறிந்ததாகவும், தலைமைச் செயலரும் காவல்துறைத் தலைவரும் தமிழக அதிகாரிகளோடு பேசுமாறு பணித்ததாகவும் அறிவித்தார்.

'நாளிதழ்கள் வாயிலாக' என்னும் தொடரை மாணவர் ஊன்றி நோக்குக. கைப்பேசிக் காட்சி வாயிலாக அறிந்தேன் என்று ஒரு முதலமைச்சர் கூறியிருப்பாரா? கூறியிரார். கைப்பேசியில் ஊர்பேர் அறியாதவர் கூறியது நாளிதழில் அச்சேறியவுடன், அரசுக்கு ஆதாரம் ஆயிற்று. அரசு கூறியவுடன் அது பிற இதழ்களுக்கு மறுபடியும் ஆதாரமாயிற்று. வட்டம் நிறைவுற்றது. இவ்வட்டத்தில் எவருமே பொய்யைப் புனைந்ததாக ஒப்பவில்லை. ஒவ்வொருவரும் முன்னவரைக் காட்டினர். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொல் கடைத்தெருவில் நின்றவரை வெறும் சொல்லே. அரண்மனை வாயிலைக் கடந்து, தேவியின் ஊடல் தீர்க்க விரைந்துகொண்டிருந்த வேந்தன் செவியில் விழுந்தபோதுதான் அது வாளாயிற்று. பாண்டியனுக்கு உசாவ நேரமில்லை. நம் செய்திக்கூடங்களுக்கும் நேரமில்லை.

காலமும் அப்பொய்க்குத் துணை நின்றது. மார்ச்சு 8 அன்று ஹோலிப் பண்டிகை. ஆண்டுதோறும் அந்நாளுக்கு முன் சென்னை நடுவண் நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் வண்டிகளில் கூட்டம் பொங்கி வழிவது வழக்கம். அவ்வாண்டு அக்கூட்டமே உயிருக்கு அஞ்சி ஓடும் கூட்டம் எனக் காட்டப்பட்டது. அரசியலும் துணை நின்றது. பீகார்த் துணை முதலமைச்சராயிருந்த தேஜஸ்வி யாதவ், மார்ச்சு முதல் நாள் மு.க. ஸ்டாலினின் பிறந்தநாள் விழாவுக்குச் சென்னை வந்திருந்தார். நம் மக்கள் அடிபடும் ஊரில் விருந்துண்கின்றார் எனப் பாட்னாவில் எதிர்க்கட்சி அவரைச் சாடியது. யாரேனும் ஒருவர்க்குப் பயன்படாத பொய் நெடுந்தொலைவு செல்வதில்லை.

தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனே மறுப்பு வெளியிட்டார். உலவும் காட்சிகளுள் ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு குழுவினரிடையே நடந்த சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவரிடையே நடந்தது என விளக்கினார். உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. இந்தியில் வேண்டுகோள்கள் வெளியாயின. பீகார் அரசு நால்வர் குழுவை அனுப்பியது. அதன் தலைவர் பீகார் ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன். பெயரே போதும், தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் இடையே ஆட்கள் போய் வருவது ஒருவழிப் பாதையன்று என்பதற்கு! அக்குழு சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளரைக் கண்டு பேசி, அச்சம் நீங்கித் திரும்பியது. மார்ச்சு 7 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் நெல்லை மாவட்டம் காவல்கிணற்றில் கையுறை ஆலையொன்றின் வடமாநிலத் தொழிலாளரை நேரில் சந்தித்தார்.

இதற்கிடையே, காயத்துக்குக் கட்டுப்போட்ட இருவர் தமிழ்நாட்டிலிருந்து தப்பி வந்ததாகப் பேசும் காட்சியொன்று வெளியாயிற்று. பீகார்க் காவல்துறை விசாரித்தபோது, அது மார்ச்சு 6 அன்று பாட்னா நகரின் வாடகை வீடொன்றில் நடித்துப் படமெடுக்கப்பட்டது எனத் தெரிந்தது. அதனைப் பரப்பிய யூடியூபர் மணீஷ் காஷ்யப் மார்ச்சு 18 அன்று சரணடைந்தார். பின் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டார்.

இனிப் பேரிழப்பு எவர்க்கு? அடித்ததாகப் பழிக்கப்பட்ட தமிழர்க்கு மானக்கேடு. ஆனால் அம்மானக்கேடு சில வாரத்தில் ஆறிவிடும். அடிபடாத தொழிலாளியின் நிலை வேறு. தகரக் கூரை அறையில் எண்மர் ஒருங்கே தங்கி, பன்னிரு மணி நேரம் உழைத்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புபவன் அவன். ஊரிலிருந்து தாய் அழுதுகொண்டே பேசுகின்றாள். கிளம்பி வா என்கின்றாள். தன் கண்முன் எதுவும் நடக்கவில்லை என்று அவன் சொன்னாலும், நாளிதழில் வந்ததே என்கின்றாள். மகன் சொல்லைவிட அச்செழுத்து அவளுக்குப் பெரிது. நாளிதழின் மேல் ஏழை மக்கள் கொண்ட இந்நம்பிக்கையை அன்றோ அவர்கள் செலவு செய்தார்கள்!

கூறப்படுகிறது

தமிழ்த்துறை மலராதலின், மொழி நோக்கில் ஒன்றைச் சொல்லாமல் செல்வதற்கில்லை. தொல்காப்பியர் தம் நூலில் முன்னோர் கருத்தை எடுத்துரைக்கும்போது 'என்ப', 'மொழிப', 'என்மனார் புலவர்' என்று முடிப்பது வழக்கம். இவ்வினைகளுக்கு எழுவாய் உண்டு, சொன்னவர் புலவர். மரபறிந்த அவையொன்று அச்சொல்லுக்குப் பிணை நிற்கின்றது. நம் நாளிதழ்களின் வினைமுற்று யாது? 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'நம்பப்படுகிறது', 'பரபரப்பு ஏற்பட்டுள்ளது'. யாரால் கூறப்படுகிறது? யாருக்குத் தெரிகிறது? பரபரப்பை ஏற்படுத்தியவர் எவர்? செயப்பாட்டு வினையின் வசதி, செய்தவனை மறைத்துவிட்டுச் செயலை மட்டும் நடமாட விடுவது. பிழையானால் எவர்மேலும் பழியில்லை. சரியானால் முதலில் சொன்ன பெருமை உண்டு.

இதனினும் நுட்பமான கருவி வினாக்குறி. 'ஆலையில் ஒன்பது பேர் பலியா?' என்று தலைப்பிட்டால் சட்டப்படி எதுவும் கூறியதாகாது. படித்தவர் நெஞ்சில் ஒன்பது பேர் இறந்துவிடுவர். மூன்றாவது கருவி, இருதரப்பு என்னும் போலி நடுவுநிலை. நிகழ்ந்தது என்பவர் ஒருவர், நிகழவில்லை என்பவர் ஒருவர், நடுவே நெறியாளர். மெய்க்கும் பொய்க்கும் சம நாற்காலி இட்டபின், கேட்பவர் பாதியேனும் நம்பாமல் எழுந்திரார்.

சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், அவர் நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையன என்று ஆள் ஆளாக ஆராய்ந்து, தொடரில் ஒருவர் தளர்ந்தாலும் அச்செய்தியின் தரத்தைக் குறைத்து மதித்த அறிவிப்பாளர் வரிசை ஆய்வு, நபிமொழித் தொகுப்பாளர் வழியே நம் சமுதாயப் பெரியோர் நன்கறிந்த ஒன்று. இமாம் புகாரி காலத்தில் அச்சு இயந்திரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஒரு செய்தியின் உண்மை தேடிப் பல நாள் பயணம் செய்தோர் இருந்தனர். பாட்னாவிலிருந்து திருப்பூருக்குத் தொலைபேசி அழைப்பு ஒரு நிமிடம் பிடிக்காது.

குருநாகல் மருத்துவர்

சதிக்கதை நாளிதழ் ஏறியதற்கு நாம் அறிந்த சான்றுகளுள் மிகக் கொடியது ஈழத்தீவில் நிகழ்ந்தது. முசுலிம்கள் சிங்களப் பெண்களின் கருவளத்தை அழிக்கின்றனர் என்பது அங்கே தீவிரக் குழுக்களிடையே பல்லாண்டு உலவிய அம்பல். 2018 பிப்ரவரியில் அம்பாறையில் முசுலிம் உணவகமொன்றில் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்தனர் எனக் கலவரம் மூண்டது; ஆய்வில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. இத்தனைக்கும், உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிலையாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அச்சம் சூழ்ந்திருந்த வேளை. மே 23 அன்று திவயின என்னும் முன்னணிச் சிங்கள நாளிதழ், ஒரு மருத்துவர் நாலாயிரம் சிங்களப் பௌத்தத் தாய்மாரை அறுவைச் சிகிச்சையின்போது மலடாக்கினார் என முதற்பக்கத்தில் வெளியிட்டது. பெயர் குறிக்கப்படவில்லை. ஆனால் குருநாகல் அரசு மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சாபி சிகாப்தீன் மறுநாளே கைது செய்யப்பட்டார். பெண்கள் நூற்றுக்கணக்கில் வந்து முறையிட்டனர். குற்றப் புலனாய்வுத் துறை உடனிருந்த செவிலியரையும் மருத்துவரையும் விசாரித்தும் சான்று எதுவும் கிட்டவில்லை. சூலை மாதம் அவர் பிணையில் வெளிவந்தார். பணிக்கு மீள ஆண்டுகள் சென்றன. நிலுவைச் சம்பளம் 2022-இல் கைக்கு வந்தபோது, நாடு மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்தது. அத்தொகையை மருந்து வாங்குதற்கென்றே அவர் திருப்பி அளித்தார்.

குருநாகலையும் ஒரகடத்தையும் ஒருங்கு வைத்துக் காணும்போது ஒற்றுமை ஒன்று புலனாகின்றது. எண்! நாலாயிரம், பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது. அம்பலில் எண் இராது, 'பலர்' என்றிருக்கும். அலராகும்போது அது எண் பெறுகின்றது. எண் வந்தவுடன் எண்ணியவர் ஒருவர் இருப்பார் என்று மனம் கருதிக்கொள்கின்றது.

நம் வீட்டு அம்பல்

பாட்னா இதழைக் குறைகூறி முடித்தால் நாம் நடுவுநிலை பிறழ்ந்தவராவோம். நம்மிடையும் ஒரு சதிக்கதை உலவுகின்றது. வடவர் பிழைப்புத் தேடி வரவில்லை. தமிழ்நாட்டின் வாக்குகளைக் கைப்பற்றத் திட்டமிட்டு அனுப்பப்படுகின்றனர். குற்றங்களுக்கெல்லாம் அவர்களே காரணம் என்பது அது. கைப்பேசிகளில் தொடங்கி, மேடைப் பேச்சுகளில் வளர்ந்து, 'வடவர் படையெடுப்பா?' என்ற வினாக்குறியுடன் தொலைக்காட்சி வரை அதுவும் ஏறியிருக்கின்றது. ஒரகடத்துக்கு ஆள் வருவது ஒப்பந்தக்காரர் கணக்கினால். நிரந்தரப் பணியிடத்தைக் குறைத்து, சங்கம் சேராத, ஊர் திரும்ப வேண்டிய ஆளை எடுப்பது ஆலைக்கு இலாபம். உள்ளூர் இளைஞன் வேலை இழந்த வருத்தம் மெய். அதற்கு அவன் கைகாட்டும் ஆள்தான் தவறு. சம்பளப் பட்டியலையும் ஒப்பந்தத்தையும் ஆராய்ந்து எழுதும் செய்தியாளர்க்கு உழைப்பு மிகுதி, படிப்பார் குறைவு. படையெடுப்பு என்று எழுதுவது எளிது.

நோய் பரவலையே ஒரு சமயத்தாரின் சதியாக்கிய 2020-ஆம் ஆண்டின் நாள்களை நம் பெரியோர் மறந்திரார். தில்லி நிசாமுதீன் தப்லீக் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டார்மேல் தொடுத்த வழக்குகளை நீக்கிய மும்பை உயர்நீதிமன்ற ஔரங்காபாத் அமர்வு, 2020 ஆகஸ்டு 21 தீர்ப்பில், அவர்கள் பலியாடுகள் ஆக்கப்பட்டனர் என்றும், அச்சு, மின்னணு ஊடகங்களில் அவர்களுக்கெதிராகப் பெரும் பரப்புரை நடந்தது என்றும் கருத்துரைத்தது. அப்பழியைச் சுமந்த சமுதாயத்தினர், பீகார்த் தொழிலாளி மீது வரும் பழியை எளிதில் நம்பலாகாது என்பது நம் கருத்து.

சட்டம் இதனைத் தீர்க்குமா? திருப்பூரிலும் தூத்துக்குடியிலும் 2023 மார்ச்சில் வழக்குகள் பதிவாயின. உம்ராவ் மன்னிப்புக் கேட்க வேண்டும் என உச்சநீதிமன்றம் ஏப்ரல் 6 அன்று பணித்தது. இது தக்கதே. காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை ஏவியது மிகை என்றே நாம் எண்ணுகிறோம். நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவ்வாணையை நீக்கியது. பொய்யுரைத்தவன் சிறைப்பட்டவுடன் வீரனாகின்றான். அவர் 2024-இல் பாரதிய சனதாக் கட்சியிலும், 2025-இல் அதனை விட்டுப் பிரசாந்த் கிஷோரின் சன் சுராஜ் கட்சியிலும் சேர்ந்து, பீகார்ச் சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளராகவும் நின்றார், வெற்றி பெறவில்லை.

மாணவர்க்கு ஒரு பணி கூறுவோம். ஒரு வார நாளிதழ்களை எடுத்துக்கொண்டு, 'கூறப்படுகிறது' என முடியும் வாக்கியங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் எழுவாயைத் தேடுக. கிடைக்காதவற்றைத் தனியே எழுதி வைத்து, ஒரு திங்கள் கழித்து அச்செய்தி என்னவாயிற்று எனக் காண்க. மறுப்பு வந்திருந்தால் எத்தனையாம் பக்கத்தில், எத்தனை வரியில் வந்தது என்பதையும் அளந்து குறிக்க. இந்தி அறிந்த மாணவர் சிலர் நம்மிடையே உளர். அவர்கள் விடுமுறையில் ஒரகடம் சந்தைப் பக்கம் சென்று, அங்குள்ள தொழிலாளர் தம் ஊர்ச்செய்தியை எவ்வழி அறிகின்றனர், நம் ஊர்ச்செய்தியை எவரிடம் கேட்டறிகின்றனர் என உசாவி எழுதினால், அக்கட்டுரையை அடுத்த மலரில் இடம்பெறச் செய்யலாம்.